சண்டை நடக்கணும், ஆனா அளவா நடக்கணும்

எங்க அக்காவோட ரத்தத்த இன்னைக்கு எடுத்து குரோமோசோம் டெஸ்ட்டுக்கு அனுப்புனா ரிப்போர்ட்ல எக்ஸ்ஒய்னு வரும். அதாவது ஆம்பள. காரணம் நான்தான். அவளுக்கு ஏஎம்எல்னு ஒரு வகை ப்ளட் கேன்சர் வந்தப்ப வீட்டுல ஹெச்எல்ஏங்கிற திசுப் பொருத்தம் முழுசா மேட்ச் ஆனது எனக்கு மட்டும்தான், ரத்தத்த உண்டாக்குற என்னோட ஸ்டெம் செல்லதான் அவளுக்கு ஏத்துனாங்க, இப்ப அவ எலும்பு மஜ்ஜைக்குள்ள உக்காந்து ரத்தம் தயார் பண்றது மொத்தமும் என்னோட செல்லு. பொறந்ததுல இருந்து பி பாசிட்டிவா இருந்தவ இப்ப என்னை மாதிரியே ஓ பாசிட்டிவ். டிரைவிங் லைசென்ஸ்ல மட்டும் இன்னும் பழைய குரூப்தான் இருக்கு, ஆர்டிஓ ஆபீஸ்ல போயி இத எப்படி வெளக்குறதுன்னு யோசிச்சே தள்ளிப் போட்டுக்கிட்டு இருக்கா.

இத கேள்விப்படுற சொந்தக்காரங்க எல்லாரும் ரெண்டே கேள்விதான் கேப்பாங்க. ஒண்ணு, "எலும்ப தொளைச்சா எடுத்தாங்க, ரொம்ப வலிச்சுச்சாப்பா?" இன்னொண்ணு, "கெட்டுப்போன மஜ்ஜைய எடுத்துட்டு நல்லத வெச்சுட்டாங்க, அவ்ளோதானே?" மொத கேள்விக்கு பதில் ஈசி. ரெண்டாவதுக்கு ஆமான்னு தலையாட்டிட்டு காபிய குடிச்சுட்டு கெளம்பிடலாம். ஆனா விஷயம் அவ்ளோதான் கெடையாது, அறுபது எழுபது வருஷ ஆராய்ச்சி அந்த "அவ்ளோதானே"வ ஒடைச்சு ஒடைச்சுதான் இங்க வந்து நிக்குது. அத எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை.

மொதல்ல வலி மேட்டர முடிச்சுடுறேன். இடுப்பெலும்புல ஊசிய எறக்கி மஜ்ஜைய உறிஞ்சி எடுக்குற முறை இப்பவும் இருக்கு, மயக்க மருந்து குடுத்து தியேட்டர்ல வெச்சு பண்ணுவாங்க. ஆனா பெரியவங்க கேஸ்ல இப்ப பெரும்பாலும் ரத்தத்துல இருந்தே எடுத்துடுறாங்க. நாலஞ்சு நாள் தொடர்ந்து ஜி-சிஎஸ்எஃப்னு ஒரு ஊசிய தோலுக்கு அடியில போடுவாங்க, அது மஜ்ஜைக்குள்ள ஒளிஞ்சிருக்குற ஸ்டெம் செல்ல ரத்த ஓட்டத்துக்கு வெளிய தள்ளிவிடும். அந்த நாள்ல இடுப்பு, முதுகு, நெஞ்செலும்பு எல்லாம் விண்ணு விண்ணுன்னு தெறிக்கும், பாராசிட்டமால் போட்டா அடங்கும். அப்புறம் ஏஃபெரிசிஸ் மெஷின்ல படுக்க வைப்பாங்க. ஒரு கையில இருந்து ரத்தம் மெஷினுக்கு போகும், அது சுழட்டி நமக்கு வேண்டிய அடுக்க மட்டும் பிரிச்சு எடுத்துக்கிட்டு மிச்சத்த இன்னொரு கை வழியா திருப்பி அனுப்பிடும். மணிக்கணக்கா ரெண்டு கையையும் மடக்க முடியாது, மூக்கு அரிச்சா சிஸ்டரதான் கூப்பிடணும். ரத்தம் உறையக் கூடாதுன்னு சிட்ரேட் கலப்பாங்க, அது உடம்புல இருக்குற கால்சியத்த புடிச்சு வெச்சுக்கும்ங்கிறதால உதட்டோரமெல்லாம் சுர்ருன்னு மரத்துப் போகும், சொன்னா உடனே கால்சியம் குடுப்பாங்க. கடைசில ஒரு பை. உள்ளங்கைல வெச்சு தூக்கிடலாம், ரத்தத்த விட கொஞ்சம் வெளிறுன செவப்பு. எங்கம்மா அத பாத்துட்டு "இந்த பைக்காம்மா இவ்ளோ லட்சம் கேக்குறீங்க?"ன்னு சத்தமாவே கேட்டுட்டாங்க. சிஸ்டர் சிரிச்சுட்டு, "உள்ள இருக்குறதும் லட்சக்கணக்குலதாம்மா, உங்க பொண்ணு வெயிட்டுல கிலோவுக்கு கொறஞ்சது 20 லட்சம் ஸ்டெம் செல்லாவது வேணும், உங்க பையன் அதுக்கும் மேலயே குடுத்திருக்காரு"ன்னாங்க. அம்மாவுக்கு அதுல ஒரு பெருமை.

அத சாதாரணமா ரத்தம் ஏத்துற மாதிரி சென்ட்ரல் லைன், அதான் பெரிய ரத்தநாளத்துல போட்டு வெச்சிருக்குற குழாய், வழியா ஏத்துவாங்க. ஆபரேஷன் எதுவும் கெடையாது. செல்லு தானா வழி கண்டுபுடிச்சு மஜ்ஜைக்கு போயி உக்காந்துக்கும்.

இப்ப ரெண்டாவது கேள்வி. கெட்டத எடுத்துட்டு நல்லத வைக்கிறதுங்கிற நெனப்பு நம்ம ஜனங்களுக்கு மட்டும் இல்ல, இந்த வைத்தியத்த ஆரம்பிச்சவங்களுக்கே அதான் இருந்துச்சு. களை மண்டுன வயல மொத்தமா உழுது போட்டுட்டு புதுசா வெதைக்கிற மாதிரி. ஹிரோஷிமா, நாகசாகிக்கு அப்புறம் கதிர்வீச்சு பட்டா மஜ்ஜை செத்துப் போகும்னு உலகத்துக்கே தெரிஞ்சு போச்சு. 1949ல சிகாகோவுல லியோன் ஜேக்கப்சன்ங்கிறவர், சாகுற அளவு கதிர்வீச்சு குடுக்குறப்ப எலியோட மண்ணீரல மட்டும் ஈயத்தால மூடி வெச்சா எலி பொழைச்சுக்குதுன்னு காட்டுனார். 1951ல லோரென்ஸ் குழு வேற எலியோட மஜ்ஜைய ஏத்தியே காப்பாத்துனாங்க. சரி அப்ப லுக்கீமியாங்கிற ப்ளட் கேன்சர் நோயாளிக்கு கதிர்வீச்ச குடுத்து கேன்சரோட சேத்து மஜ்ஜை மொத்தத்தையும் அழிச்சுட்டு வேற ஆளோட மஜ்ஜைய ஏத்துனா என்னன்னு கேக்குறது அடுத்த படிதான.

அத மனுஷங்க மேல பண்ணிப் பாத்தவர் டொனால் தாமஸ். நியூயார்க் மாகாணத்துல கூப்பர்ஸ்டவுன்னு ஒரு சின்ன ஊரு ஆஸ்பத்திரி. 1957ல ஆறு பேருக்கு மஜ்ஜை ஏத்துன அனுபவத்த எழுதுனார், யாருமே ரொம்ப நாள் இருக்கல. 1959ல அச்சுல வார்த்த மாதிரி ஒரே முகமா பொறந்த ரெட்டையருங்க கேஸ், உடம்பு முழுக்க கதிர்வீச்சு குடுத்துட்டு கூடப் பொறந்தவங்க மஜ்ஜைய ஏத்துனாங்க. மஜ்ஜை நல்லா புடிச்சுச்சு, ரத்தம் ஊறுச்சு, ஆளு தேறி வீட்டுக்கு போனாங்க. சில மாசத்துல லுக்கீமியா திரும்பி வந்துருச்சு. இந்த எடத்த ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருவேன்.

ரெட்டையர் இல்லாத கேஸ்ல நெலம இன்னும் மோசம். ஒண்ணு ஏத்துன மஜ்ஜைய உடம்பு தள்ளிடும், இல்லன்னா ஏத்துன மஜ்ஜைல இருந்து வர்ற வெள்ளணு வந்த வீட்டையே அடிக்க ஆரம்பிச்சுரும், தோலு, கொடலு, ஈரல்னு. இதுக்குப் பேருதான் ஜிவிஹெச்டி. அறுபதுகள்ல முக்கால்வாசி பேரு இது வேலைக்காகாதுன்னு கைய கழுவிட்டு வேற ஆராய்ச்சிக்கு போயிட்டாங்க. தாமஸ் 1963ல சியாட்டில் போயி நாய்ங்கள வெச்சு முதல்ல இருந்து ஆரம்பிச்சார். ஒரே ஈத்துல பொறந்த குட்டிங்கள்ல எது எதுக்கு திசு பொருந்துதுன்னு பாத்து ஏத்துனா பொழைக்குது, பொருந்தலன்னா சாகுது, ஏத்துனப்புறம் மெத்தோட்ரெக்ஸேட்ங்கிற மருந்த குடுத்தா சண்டை கொறையுது. இந்தப் பக்கம் பாரிஸ்ல ஜான் டோசே 1958ல ஆரம்பிச்சு வெச்ச வேலையால மனுஷங்களுக்கும் அந்தப் பொருத்தம் பாக்குற வழி, அதான் ஹெச்எல்ஏ, வந்து சேர்ந்துச்சு. கூடவே சொல்லணும், தாமஸோட மனைவி டாட்டி லேப் வேலைல இருந்து ஒவ்வொரு கட்டுரைய திருத்துறது வரைக்கும் கூடவே நின்னவங்க, இந்தத் துறைக்கே அம்மான்னுதான் அவங்கள சொல்லுவாங்க, 1990ல நோபல் என்னவோ இவங்க ரெண்டு பேருல ஐயாவுக்கு மட்டும்தான் வந்துச்சு.

1977ல அந்த டீம் போட்ட ஒரு கணக்க நான் அடிக்கடி நெனச்சுப்பேன். வேற எந்த வைத்தியமும் கேக்காத முத்துன லுக்கீமியா நோயாளிங்க 100 பேருக்கு மஜ்ஜை மாத்துனதுல 13 பேரு நோய் இல்லாம உயிரோட இருந்தாங்க. மிச்ச 87 பேருக்கு ஒண்ணு நோய் திரும்புச்சு, இல்லன்னா உயிர் போச்சு. அத ஒளிக்காம அப்படியே எழுதுனாங்க. அந்த 13ங்கிறது அதுவரைக்கும் பூஜ்யமா இருந்த எண்ணு. அப்புறம் முத்துற வரைக்கும் காத்திருக்காம, கீமோ குடுத்து நோய் அடங்கியிருக்கும்போதே பண்ணிப் பாத்தாங்க, கிட்டத்தட்ட பாதிப் பேரு பொழைச்சாங்க. எங்க அக்காவுக்கும் அதே வரிசைதான், மொதல்ல கீமோ, நோய் அடங்குனதும் ட்ரான்ஸ்பிளான்ட். நம்ம ஊருலயும் இது ஒண்ணும் நேத்து வந்தது இல்ல, மும்பை டாடா மெமோரியல்ல 1983லயே ஒரு சின்னப் பொண்ணுக்கு அவ கூடப் பொறந்தவனோட மஜ்ஜைய வெச்சு பண்ணிட்டாங்க, வேலூர் சிஎம்சில 1986ல இருந்து நடக்குது.

சரி ரெட்டையர் விஷயத்துக்கு வர்றேன். மாத்தி வைக்கிறது மட்டும்தான் வைத்தியம்னா ரெட்டையர்தான் பெஸ்ட் டோனரா இருக்கணும். அச்சு அசல் அதே திசு, தள்ளாது, ஜிவிஹெச்டி கெடையாது. ஆனா நடந்தது தலைகீழ். 1990ல மேரி ஹோரோவிட்ஸ் குழு உலகம் முழுக்க இருந்து சேத்த ரெஜிஸ்ட்ரி கணக்க எடுத்தாங்க, கூடப் பொறந்தவங்ககிட்ட இருந்து மஜ்ஜை வாங்குன 2,254 பேரு, அவங்கள ரெட்டையர்கிட்ட வாங்குனவங்களோட ஒப்பிட்டு பாத்தாங்க. ரெட்டையர் டோனரா இருந்தா கேன்சர் திரும்புறது அதிகம். சண்டை வரக் கூடாதுன்னு டோனர் மஜ்ஜைல இருந்து டி செல்ல, அதான் சண்டை போடுற வெள்ளணு வகைய, வடிகட்டிட்டு ஏத்துனாலும் திரும்புறது அதிகம். ஜிவிஹெச்டி வந்தவங்களுக்குத்தான் இருக்குறதுலயே கொறைவு. அதாவது வைத்தியத்தோட மோசமான சைடு எஃபெக்ட்னு எத நெனச்சாங்களோ அதுக்குள்ளதான் வைத்தியமே இருந்திருக்கு. உழுதது பத்தல, புதுசா வந்தவன் பழைய களைய தேடித் தேடி புடுங்குனதுதான் காப்பாத்துச்சு. 1956லயே இங்கிலாந்துல பார்ன்ஸும் லூட்டிட்டும் எலி ஆராய்ச்சில இப்படி இருக்கலாம்னு கோடி காட்டியிருந்தாங்க, கணக்கு போட்டு நிரூபிக்க முப்பது வருஷத்துக்கு மேல ஆயிருச்சு.

அதே 1990ல ம்யூனிக்ல இருந்து ஹான்ஸ் யோஹெம் கோல்ப் குழு ஒரு சின்ன ரிப்போர்ட் குடுத்தாங்க, மூணே பேரு. மஜ்ஜை மாத்துனப்புறமும் சிஎம்எல்ங்கிற இன்னொரு வகை ப்ளட் கேன்சர் திரும்பி வந்தவங்க. கதிர்வீச்சு இல்ல, புது ட்ரான்ஸ்பிளான்ட் இல்ல, அதே டோனரோட வெள்ளணுவ இன்டர்ஃபெரான்ங்கிற மருந்தோட சேத்து குடுத்தாங்க. மூணு பேருக்கும் நோய் மறைஞ்சு போச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்.

இத நான் பேப்பர்ல படிக்கிறதுக்கு முன்னாடி அக்காவோட கையில பாத்தேன். டிஸ்சார்ஜ் ஆயி ஓபிக்கு போய் வந்துக்கிட்டு இருந்த சமயம், உள்ளங்கை செவந்து, காது மடல், கழுத்துன்னு தடிப்பு தடிப்பா வந்துச்சு. மாமா பயந்துட்டார். டாக்டர் கைய திருப்பித் திருப்பி பாத்தார், தோல அமுக்கிப் பாத்தார், மோஷன் எப்படி போகுதுன்னு கேட்டார், ஈரல் டெஸ்ட் ரிப்போர்ட்ட பாத்தார், அப்புறம் அந்த மனுஷன் முகத்துல லேசா ஒரு திருப்தி. "தோலோட நின்னா நல்லதுதாம்மா, கொஞ்சம் வரட்டும்"னார். அக்கா வெளிய வந்து என்னைப் பாத்து, "டேய், சின்ன வயசுல கிள்ளுனது பத்தாதுன்னு இப்ப உள்ள பூந்து கிள்ளுறியா"ன்னா. கிரீம் போட்டாங்க, ஸ்டீராய்டு கொஞ்ச நாள், அடங்கிருச்சு. எல்லாருக்கும் இப்படி தோலோட நிக்கிறது இல்ல. கொடல்ல வந்து லிட்டர் கணக்கா வயித்தால போயி எழுந்திரிக்காமலே போனவங்க அதே வார்டுல இருந்தாங்க. அதனால ஜிவிஹெச்டி நல்லதுன்னு யாராச்சும் பொதுவா சொன்னா எனக்கு கோவம் வரும்.

இந்த சண்டைக் கணக்கு புரிஞ்சா இன்னொரு விஷயமும் புரியும். ஆட்டோலோகஸ்னு ஒரு வகை இருக்கு, நோயாளியோட சொந்த ஸ்டெம் செல்லையே எடுத்து ஃப்ரீஸ் பண்ணி வெச்சுட்டு, தாங்கவே முடியாத அளவு கீமோ குடுத்துட்டு, திருப்பி ஏத்துறது. இதுல வேத்தாளு யாரும் இல்ல, சண்டையும் இல்ல, வேலை செய்யறது முழுக்க கீமோதான், ஸ்டெம் செல் வெறும் மீட்பு வண்டி. கொஞ்சம் கேன்சருக்கு இது நல்லாவே கேக்கும். திரும்பி வந்த லிம்ஃபோமாவுக்கு, அதான் நிணநீர் கேன்சருக்கு, பார்மான்னு ஒரு ட்ரையல், 1995ல முடிவு வந்துச்சு, குலுக்கல் முறைல ரெண்டா பிரிச்சு ஒரு பக்கம் சாதாரண கீமோ, ஒரு பக்கம் இது, அஞ்சு வருஷத்துல உயிரோட இருந்தவங்க 32 சதவீதம் எதிர் 53 சதவீதம். மையலோமான்னு மஜ்ஜைல வர்ற இன்னொரு கேன்சருக்கு இன்னைக்கும் குடுக்குறாங்க.

மார்பகக் கேன்சர்ல நடந்ததுதான் வயித்தெரிச்சல். கீமோ அதிகமா குடுத்தா கேன்சர் அதிகமா சாகும், கேக்கவே நியாயமா இருக்குல்ல. தொண்ணூறுகள்ல அமெரிக்காவுல ட்ரையல் முடிவு வர்றதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரிங்க இத பண்ண ஆரம்பிச்சாங்க, பல்லாயிரம் பொம்பளைங்களுக்கு பண்ணாங்க. இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தரலன்னு கலிஃபோர்னியால ஒரு குடும்பம் கேஸ் போட்டு 1993ல ஜூரி 8.9 கோடி டாலர் நஷ்டஈடு குடுக்கச் சொல்லுச்சு, அந்தம்மா தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடியே இறந்துட்டாங்க. அதுக்கப்புறம் கம்பெனிங்க பயந்து போயி பணம் குடுக்க ஆரம்பிச்சாங்க, பணம் கெடைக்கும்போது குலுக்கல் ட்ரையல்ல சேர யாரு வருவா, பாதிப் பேருக்கு பழைய வைத்தியம்தானே கெடைக்கும், அதனால ட்ரையலுக்கு ஆளே சேரல, முடிவு வர வருஷக்கணக்கா இழுத்துச்சு. கடைசில 1999ல அமெரிக்க கேன்சர் டாக்டர்கள் மாநாட்டுல முடிவுங்க வந்தப்ப பெருசா பலன் இல்லன்னுதான் பெரும்பாலும் வந்துச்சு, ஜோகன்னஸ்பர்க்ல இருந்து வெர்னர் பெஸ்வோடா குடுத்த ரிசல்ட் மட்டும் ஆஹா ஓஹோ. 2000ல ஒரு டீம் அங்க போயி ரெக்கார்ட புரட்டிப் பாத்தா அது மோசடி. அந்த நம்பர நம்பி எத்தன பொம்பளைங்க அந்த கொடூரமான கீமோவ தாங்கியிருப்பாங்க, சிலர் அந்த கீமோவாலயே போயிருப்பாங்க. நம்பிக்கைய நான் கொறை சொல்ல வரல, தாமஸுக்கும் நம்பிக்கைதான் இருந்துச்சு. அவரு அந்த 87 தோல்வியையும் எண்ணி எழுதுனார், இங்க எண்ணி முடிக்கிறதுக்குள்ள கடைய தொறந்துட்டாங்க.

இந்த எடத்துல ஒரு கொசுறு. அக்கா கதைய கேள்விப்பட்டு சித்தி பொண்ணு பிரசவத்தப்ப தொப்புள்கொடி ரத்தத்த காசு கட்டி சேத்து வைக்கலாமான்னு கேட்டா, ஒரு ஏஜென்ட் வீட்டுக்கே வந்து "நாளைக்கு உங்க கொழந்தைக்கே ப்ளட் கேன்சர் வந்தா உதவும் மேடம்"னு சொல்லியிருக்கான். தொப்புள்கொடி ரத்தம் நெஜமாவே நல்ல விஷயம், 1988ல பாரிஸ்ல எலியான் க்ளூக்மன் ஒரு பையனுக்கு அவன் தங்கச்சி கொடி ரத்தத்த வெச்சுதான் மொத மொத பண்ணாங்க. அடுத்தவங்களுக்கு குடுக்க நல்லது. ஆனா கொழந்தைக்கு லுக்கீமியா வந்தா அதோட சொந்த கொடி ரத்தத்த பொதுவா டாக்டருங்க தொட மாட்டாங்க, ஏன்னா பல கொழந்தைங்களுக்கு அந்த கேன்சரோட மொத கோளாறு பொறக்கும்போதே ரத்தத்துல இருக்கும், தவிர சொந்த செல்லு போயி யார்கூட சண்டை போடும்? ஏஜென்ட்ட கேட்டா ப்ரோஷர நீட்டுவான்.

அப்ப ஆராய்ச்சி மொத்தமும் கடைசில ஒரே கேள்விலதான் வந்து நிக்குது, சண்டை நடக்கணும், ஆனா வீட்ட எரிச்சிரக் கூடாது, எப்படி? 1986ல சியாட்டில்ல ரைனர் ஸ்டோர்ப் குழு எதிர்ப்பு சக்திய அடக்குற சைக்ளோஸ்போரினையும் மெத்தோட்ரெக்ஸேட்டையும் சேத்து குடுத்தா ஜிவிஹெச்டி கொறையுதுன்னு காட்டுனாங்க, அந்த வகை ஜோடிதான் முப்பது வருஷத்துக்கு மேல ராஜா. அப்புறம் அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரிக்காரங்க ஒரு வேலை பண்ணாங்க, கேக்கவே கிறுக்குத்தனமா இருக்கும். ஸ்டெம் செல்ல ஏத்திட்டு மூணாவது நாளும் நாலாவது நாளும் சைக்ளோஃபாஸ்ஃபமைடுங்கிற கடுமையான கீமோவ குடுக்குறது. இப்பத்தான ஏத்துனீங்க, அதையே கொன்னுருவீங்களான்னுதான யாருக்கும் தோணும். சூட்சுமம் என்னன்னா, புது எடத்த பாத்து வெறியாகி படபடன்னு பெருகுற டி செல்லுங்கதான் அந்த நேரத்துல அந்த மருந்துல மாட்டும், ஸ்டெம் செல்லுகிட்ட அந்த மருந்த ஒடைக்கிற ஒரு என்சைம் நெறைய இருக்குறதால அது தப்பிச்சுக்கும். அடங்கி இருக்குற டி செல்லும் மிஞ்சும், அதான் பின்னாடி கேன்சர பாத்துக்கும். 2023ல இத பழைய ஜோடியோட நேருக்கு நேர் வெச்சு 431 பேருல ட்ரையல் பண்ண முடிவு வந்துச்சு, ஒரு வருஷம் கழிச்சு பெரிய ஜிவிஹெச்டியும் இல்லாம நோயும் திரும்பாம இருந்தவங்க 34.9 சதவீதத்துல இருந்து 52.7 சதவீதமாச்சு.

நம்ம ஊருக்கு இதோட அருமை வேற மாதிரி. கூடப் பொறந்தவங்க முழுசா மேட்ச் ஆகுற சான்ஸ் நாலுல ஒண்ணுதான், இப்ப வீட்டுக்கு ஒண்ணு ரெண்டு புள்ளைங்க. வெளியாள் தேடலாம்னா டோனருங்க பேர பதிஞ்சு வெச்சிருக்குற அமெரிக்க ரெஜிஸ்ட்ரிலயே வெள்ளைக்காரங்கள்ல 79 சதவீதம் பேருக்கு மேட்ச் கெடைக்குது, கறுப்பர்கள்ல 29 சதவீதம் பேருக்குதான், யாரு எத்தன பேரு பதிஞ்சிருக்காங்கங்கிறத பொறுத்துதான் எல்லாம். சென்னைல தாத்ரின்னு ரெஜிஸ்ட்ரி 2009ல இருந்து இருக்கு, கன்னத்துக்குள்ள பஞ்ச வெச்சு தேச்சு குடுத்தா போதும், பதிஞ்சுக்கலாம். ஆனா நம்ம ஜனத்தொகைக்கு பதிஞ்சவங்க ரொம்ப கம்மி. சைக்ளோஃபாஸ்ஃபமைடு வழி வந்தப்புறம் பாதி மேட்ச்சே போதும்ங்கிற நெலம, அப்பா அம்மாவோ பெத்த புள்ளையோ எல்லாருமே பாதி மேட்ச்தான். அக்கா வார்டுல பக்கத்து ரூம்ல ஒரு திருவண்ணாமலைக்காரர், அவருக்கு டோனர் காலேஜ் படிக்கிற அவரோட பொண்ணு. பத்து இருவது வருஷம் முன்னாடி அவருக்கு "ஆள் இல்லைங்க"ன்னு சொல்லி அனுப்பியிருப்பாங்க.

இன்னொரு பக்கம் சில நோய்ங்க இந்த வார்டுக்கு வர்றதையே நிறுத்திருச்சு. சிஎம்எல்லுக்கு ஒரு காலத்துல ட்ரான்ஸ்பிளான்ட்தான் தீர்வு, 2001ல இமாட்டினிப்ங்கிற மாத்திரை வந்தப்புறம் பெரும்பாலானவங்க மாத்திரைய முழுங்கிட்டு வேலைக்கு போயிட்டு இருக்காங்க. ஏபிஎம்எல்னு ஒரு வகை ப்ளட் கேன்சருக்கு ஆர்செனிக், ஆமா அதே பாஷாண வகைதான், வேலூர் சிஎம்சிகாரங்க அத மட்டுமே வெச்சு நல்லா குணப்படுத்திக் காட்டியிருக்காங்க. அக்காவோட வகைக்கு அப்படி ஒரு மாத்திரை இன்னும் வரல.

அவளுக்கு இப்ப கொழந்தைங்களுக்கு போடுற தடுப்பூசி எல்லாம் முதல்ல இருந்து திரும்ப போட்டாங்க, பழைய எதிர்ப்பு சக்திலாம் அழிஞ்சு போச்சே, மாமா பையனும் அவளும் ஒரே ஊசிக்கு ஒரே கிளினிக்ல வரிசைல நின்னாங்க. ரத்தத்துல என் செல்லு எத்தன சதவீதம்னு கைமரிசம் டெஸ்ட் அப்பப்ப எடுக்குறாங்க, கொறைய ஆரம்பிச்சா நோய் எட்டிப் பாக்குதுன்னு அர்த்தமா இருக்கலாம். அப்படி ஒண்ணு வந்தா ம்யூனிக்காரங்க பண்ண அதே வேலைய பண்றதுக்காக என்னோட வெள்ளணுவ கொஞ்சம் சின்ன சின்ன டோஸா பிரிச்சு ஆஸ்பத்திரி ஃப்ரீசர்ல வெச்சிருக்காங்க. அது பத்தலன்னா திரும்ப என்னைய கூப்பிடுவாங்க. எனக்கு அதுல ஒண்ணும் கஷ்டம் இல்ல. என்னன்னா ஆபீஸ்ல லீவு ஃபார்ம்ல காரணம் எழுதுறப்ப எச்ஆர்ல இருக்குற அந்தப் பொண்ணு "சார், போன தடவையே குடுத்துட்டீங்களே, மறுபடியுமா?"ன்னு கேக்கும், அதுக்கு இந்த லிங்க்க அனுப்பிடலாம்னு இருக்கேன்.